சர்வர் நெட்வொர்க் போய்த் திரும்பிய பிறகும் டொமைன் திறக்கவில்லையா: டிஎன்எஸ்ஸை மீட்டெடுக்கும் முழுமையான வழிகாட்டி

வெப் சர்வரின் நெட்வொர்க் இரண்டு மணி நேரம் போய்த் திரும்ப வந்துவிட்டது. ஹோஸ்டிங் பேனலும் சர்வர் ஓடுவதாகவே காட்டுகிறது. ஆனால் சைட் ஒரு போனில் திறக்கிறது, பக்கத்திலிருக்கும் போனில் திறக்க மறுக்கிறது. மெயில் பாதி வருகிறது, பாதி வரவில்லை. பலர் தவறு செய்வது இந்த இடத்தில்தான். பதற்றத்தில் நேம்சர்வரை (டொமைனின் விவரங்களை வைத்திருந்து பதில் சொல்லும் சர்வர்) மாற்றுவார்கள், ரெக்கார்டை (அந்த விவரங்களில் ஒரு வரி) அழித்துத் திரும்பச் சேர்ப்பார்கள், அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் பழையபடியே மாற்றிவைப்பார்கள். நாலு மணி நேரத்தில் அடங்கியிருக்க வேண்டிய சிக்கல் இரண்டு நாளைக்கு இழுத்துக்கொள்ளும்.

டொமைன் பெயரைச் சர்வரின் ஐபி எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். ‘டிஎன்எஸ் இன்னும் பரவவில்லை’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. பாதிக் குழப்பம் அந்தச் சொல்லிலிருந்தே வருகிறது. உங்கள் நேம்சர்வர் உலகத்துக்கு எதையும் அனுப்பிவைப்பதில்லை. பயனர்களுக்காகப் பெயரைத் தேடித் தரும் சர்வர்களான ரிசால்வர்கள்தான் தேவைப்படும்போது வந்து கேட்கின்றன. கிடைத்த பதிலை அதனுடன் வரும் டிடிஎல் (பதிலின் ஆயுள்) நொடிகள் தீரும்வரை கேச்சில் (தற்காலிக நினைவில்) வைத்துக்கொள்கின்றன, தீர்ந்ததும் மறுபடி வந்து கேட்கின்றன. ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு: மூலத்தில் சரியான பதில் கிடைக்கச் செய்வது, பழைய நகல்கள் எப்போது காலாவதியாகும் என்று கணக்குப் போட்டுக் காத்திருப்பது. முதல் வேலை முடியாவிட்டால் எத்தனை நாள் காத்திருந்தும் பலனில்லை.

இணைப்பு அறுந்திருந்த நேரத்தில் என்ன நடந்தது

டிஎன்எஸ் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. டிஎன்எஸ் வேறொரு நிறுவனத்திடம் இருந்து, வெப் சர்வர் மட்டும் விழுந்திருந்தால், பெயர் ஒழுங்காக ஐபியாக மாறிக்கொண்டுதான் இருந்திருக்கும். நெட்வொர்க் அதே ஐபியுடன் திரும்பினால் டிஎன்எஸ்ஸில் உங்களுக்கு வேலையே இல்லை.

சிக்கல் பெரிதாவது, என்எஸ்1, என்எஸ்2 என்ற இரண்டு நேம்சர்வர்களையும் சைட் ஓடும் அதே விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வரில்) வைத்திருக்கும்போது. பேனலோடு வரும் சர்வர்களில் இது சர்வ சாதாரணம். அப்போது நெட்வொர்க் போனால் சைட்டும் போகும், பெயரும் போகும். கேச்சில் நகல் வைத்திருந்த ரிசால்வர்கள் டிடிஎல் தீரும்வரை பதில் தரும். தீர்ந்த பிறகு உங்கள் நேம்சர்வரைக் கேட்டுப் பதில் வராமல் ‘சர்வ்ஃபெயில்’ (பதில் பெற முடியவில்லை) என்று சொல்லிவிடும். சில ரிசால்வர்கள் காலாவதியான பழைய பதிலையே தற்காலிகமாகக் கொடுக்கும். 2020-இல் வெளியான ஆர்எஃப்சி 8767 என்ற இணையத் தர ஆவணம் இதற்கு இடம் தருகிறது. ஒரு போனில் திறந்து இன்னொன்றில் திறக்காததற்குக் காரணம் இதுதான்: இரண்டும் வேறு வேறு ரிசால்வரிடம் கேட்கின்றன.

இன்னொன்றும் உண்டு. பதில் தராத நேம்சர்வரை ரிசால்வர் நினைவில் குறித்துவைத்துக்கொள்ளும். அன்பவுண்ட் என்ற ரிசால்வர் மென்பொருளில் இந்த நினைவு இயல்பாக 900 நொடி, அதாவது 15 நிமிடம். எனவே சர்வர் உயிர் பெற்ற அடுத்த நிமிடமே ‘இன்னும் வரவில்லையே’ என்று எதிலும் கை வைக்காதீர்கள். அந்தக் கால் மணி நேரத்தைக் கீழ்க்காணும் சோதனைகளுக்குப் பயன்படுத்துங்கள்.

படி 1: சர்வர் உண்மையிலேயே நெட்வொர்க்கில் இருக்கிறதா

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) வேலை செய்யாவிட்டால் ஹோஸ்டிங் பேனலில் உள்ள கன்சோல் வழியாக உள்ளே போங்கள். வரிசை மாறாமல் பாருங்கள். ‘ஐபி அட்ரஸ்’ கமாண்டில் இன்டர்ஃபேஸ் ‘அப்’ என்று இருக்கிறதா, அதில் சரியான பொது ஐபி இருக்கிறதா. ‘ஐபி ரூட்’ கமாண்டில் ‘டீஃபால்ட்’ என்று தொடங்கும் வரி இருக்கிறதா. ரீபூட்டுக்குப் பிறகு டீஃபால்ட் ரூட் காணாமல்போவது அடிக்கடி நடக்கும். ஐபி இருக்கும், வெளியே போக வழி இருக்காது. அடுத்து கேட்வேயைப் பிங் செய்யுங்கள், பிறகு வெளியுலக முகவரியான 1.1.1.1, கடைசியாக ஒரு பெயர். ஐபிக்குப் பிங் போய்ப் பெயருக்குப் போகவில்லை என்றால் சர்வர் தன் தேவைக்குப் பயன்படுத்தும் ரிசால்வர்தான் கெட்டிருக்கிறது. உலகம் உங்கள் டொமைனைக் கண்டுபிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு டொமைனின் ரெக்கார்டுகள் அடங்கிய ஜோன் ஃபைலைத் திருத்தப் போகிறவர்கள் நிறைய.

ஐபி மாறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கிளவுடில் இது பெரிய கண்ணி. அமேசானின் ஈசி2-இல் சர்வரை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால், தானாக ஒதுக்கப்பட்ட பொது ஐபிவி4 போய்விடும். ரீபூட் செய்தால் மாறாது. எலாஸ்டிக் ஐபி வாங்கி இணைத்திருந்தால் இரண்டிலும் மாறாது. ஐபிவி6 முகவரியையும் மறக்காதீர்கள். பெயருக்கு ஐபிவி4 முகவரியைத் தரும் ‘ஏ’ ரெக்கார்டைச் சரிசெய்துவிட்டு, செத்துப்போன ஐபிவி6-ஐக் காட்டும் ‘குவாட் ஏ’ ரெக்கார்டை அப்படியே விட்டால் சிலருக்குச் சைட் மெதுவாகத் திறக்கும், சிலருக்குத் திறக்கவே திறக்காது.

சர்வரின் கடிகாரத்தையும் ‘டைம்டேட்சிடிஎல்’ கமாண்டில் பார்த்துவிடுங்கள். நேரம் தவறியிருந்தால் பின்னால் டிஎன்எஸ்செக்கில் (டிஎன்எஸ் பதில்களை டிஜிட்டல் கையொப்பத்தால் சரிபார்க்கும் முறை) உதைக்கும்.

சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தும் வழி மட்டும் இல்லாமல் போவது சின்ன விபிஎஸ்ஸுக்கு மட்டும் நேர்வதில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் அளவுக்கு உலகெங்கும் மறைந்துபோனதே, அன்று பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கமாண்டில் அவர்களுடைய பேக்போன் நெட்வொர்க் முழுதும் துண்டித்துக்கொண்டது. டேட்டா சென்டரை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள் தங்களை எட்டும் வழியை உலகுக்குச் சொல்லும் பிஜிபி அறிவிப்புகளைத் தாங்களாகவே விலக்கிக்கொண்டன. டிஎன்எஸ் மென்பொருளில் கோளாறே இல்லை, அதை எட்டும் பாதைதான் இல்லை.

படி 2: போர்ட் 53-இல் யாராவது இருக்கிறார்களா

டிஎன்எஸ் கேள்விகள் வந்து சேரும் இடம் போர்ட் 53. ‘எஸ்எஸ்’ கமாண்டில் எந்தச் சேவை எந்த ஐபியில் காத்திருக்கிறது என்று பாருங்கள். நேம்சர்வர் மென்பொருள், உதாரணமாக பைண்ட், நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் எழும்புவதற்கு முன்பே தொடங்கியிருந்தால் 127.0.0.1-இல் (சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) மட்டும் உட்கார்ந்திருக்கலாம். சர்வருக்குள் கேட்டால் பதில் வரும், வெளியிலிருந்து கேட்டால் வராது. சேவையை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும். வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் ஒரு குறிப்பிட்ட ஐபியில் காத்திருக்கும்படி எழுதப்பட்டிருந்து அந்த ஐபி இல்லாமல் போயிருந்தால், அது தொடங்கவே மறுக்கும்.

ஃபயர்வாலில் போர்ட் 53 யுடிபி, டிசிபி இரண்டுக்கும் திறந்திருக்க வேண்டும். யுடிபி மட்டும் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெரிய பதில்களும், நேம்சர்வர்களுக்கு இடையிலான ஜோன் டிரான்ஸ்ஃபரும் டிசிபியில்தான் போகும்.

படி 3: மூலத்தையே நேரடியாகக் கேளுங்கள்

இனி எல்லாச் சோதனையும் சர்வருக்கு வெளியே, வேறொரு நெட்வொர்க்கிலிருந்து. பிரவுசரை நம்பாதீர்கள். அது தனக்கென ஒரு கேச் வைத்திருக்கிறது. ‘டிக்’ கமாண்டைப் பயன்படுத்துங்கள். ‘டிக் @’ என்று போட்டு ஒவ்வொரு நேம்சர்வரின் ஐபியையும் தனித்தனியே எழுதி, டொமைன் பெயர், ‘ஏ’, ‘+நோரிகர்ஸ்’ சேர்த்துக் கேளுங்கள். பதிலின் ஃபிளாக் வரியில் இரட்டை ‘ஏ’ இருக்க வேண்டும். இருந்தால் அது அதிகாரபூர்வமான பதில். இல்லாவிட்டால் அந்த நேம்சர்வர் ஜோனை ஏற்றவே இல்லை. ‘ரெஃப்யூஸ்டு’ அல்லது ‘சர்வ்ஃபெயில்’ வந்தால் லாகைத் திறந்து பாருங்கள். ஜோன் ஃபைலில் ஒரு புள்ளி விடுபட்டிருப்பது முதல் டிஸ்க் நிரம்பியது வரை காரணம் அங்கே எழுதியிருக்கும்.

இப்போது அதே கேள்வியை, ‘+நோரிகர்ஸ்’ இல்லாமல், கூகுளின் பொது ரிசால்வரான 8.8.8.8-இடம் கேட்டுப் பாருங்கள். பதில் வரி இப்படி இருக்கும்:

எக்ஸாம்பிள்.காம். 2140 ஐஎன் ஏ 203.0.113.25

நடுவில் உள்ள 2140-ஐக் கவனியுங்கள். பத்து நொடி கழித்து மறுபடி கேட்டால் 2130. அந்த நகல் ரிசால்வரின் கேச்சில் இன்னும் அத்தனை நொடி உயிரோடிருக்கும். உங்கள் நேம்சர்வரிடம் கேட்டால் எப்போதும் முழு எண்தான் வரும், உதாரணமாக 14400. குறைந்துகொண்டே வரும் எண் என்றால் கேச், அசையாத எண் என்றால் மூலம். பரவியதா இல்லையா என்ற விவாதத்தை இந்த ஒரு எண் முடித்துவைக்கும். 8.8.8.8-க்குப் பின்னால் பல சர்வர்கள், பல கேச்கள். எனவே ஒரு முறை 2140, அடுத்த முறை 9800 என்று எண் தாவினால் திகைக்க வேண்டாம்.

படி 4: இரண்டாவது நேம்சர்வர் பழைய கதையைச் சொல்கிறதா

எல்லா நேம்சர்வரிலும், ஜோனின் பதிப்பு எண்ணும் காலக்கெடுகளும் அடங்கிய எஸ்ஓஏ ரெக்கார்டைக் கேட்டுச் சீரியல் எண்ணை ஒப்பிடுங்கள். ‘டிக் +என்எஸ்சர்ச்’ ஒரே அடியில் எல்லாவற்றையும் காட்டும். எண் வேறுபட்டால் செகண்டரி (பிரைமரி என்ற முதல் நேம்சர்வரிலிருந்து ஜோனை நகலெடுக்கும் நேம்சர்வர்) புதிய ஜோனை இழுக்கவில்லை என்று பொருள்.

பிரைமரியின் ஐபி மாறியிருந்தால் இங்கே ஒரு டைம்பாம் ஒளிந்திருக்கும். செகண்டரியின் கான்ஃபிகில் பிரைமரியின் பழைய ஐபி இருக்கிறது. அங்கே போய்க் கேட்டுப் பதில் கிடைக்காமல் திரும்புகிறது. ஆனாலும் கைவசமுள்ள பழைய ஜோனைத் தொடர்ந்து பரிமாறுகிறது. சோதனைகளில் ‘பதில் வருகிறது’ என்றே தெரியும். எஸ்ஓஏவில் ‘எக்ஸ்பயர்’ என்ற எண் தீர்ந்த நாளில், 604800 என்றால் ஏழாம் நாள், 1209600 என்றால் பதினான்காம் நாள், செகண்டரி பதில் சொல்வதையே நிறுத்திவிடும். நெட்வொர்க் விழுந்ததை எல்லாரும் மறந்த பிறகு, காரணமே இல்லாததுபோல் டொமைன் தடுமாறத் தொடங்கும். கான்ஃபிகில் ஐபியை மாற்றி, பிரைமரியில் செகண்டரிக்கு டிரான்ஸ்ஃபர் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, ‘ஆர்என்டிசி ரீடிரான்ஸ்ஃபர்’ கொடுங்கள்.

ஜோனைக் கையால் திருத்தினால் சீரியலைக் கூட்ட மறக்காதீர்கள். ஆண்டு, மாதம், நாள், இரண்டு இலக்கம் என்று பத்து இலக்கத்தில் எழுதுவது வழக்கம். அவசரத்தில் பதினோராவது இலக்கத்தைத் தட்டிவிட்டால் எண் 32 பிட்டுக்குள் அடங்காது, 4294967295-தான் உச்சம்.

படி 5: மேல்நிலையில் எழுதியிருப்பது என்ன

‘டிக் +டிரேஸ்’ ரூட்டிலிருந்து தொடங்கி .காம், பிறகு உங்கள் நேம்சர்வர் என்று படிப்படியாக இறங்கிக் காட்டும். எங்கே நிற்கிறதோ அங்கேதான் உடைப்பு.

உங்கள் நேம்சர்வரின் பெயர் உங்கள் டொமைனுக்குள்ளேயே இருந்தால், அதாவது என்எஸ்1.எக்ஸாம்பிள்.காம் என்பதுபோல் இருந்தால், அதன் ஐபி ரெஜிஸ்ட்ரியிலும் (.காம் போன்ற பட்டியலை நிர்வகிக்கும் அமைப்பு) க்ளூ ரெக்கார்டாக எழுதப்பட்டிருக்கும். சர்வரின் ஐபி மாறியபோது ஜோனுக்குள் ‘ஏ’ ரெக்கார்டை மட்டும் மாற்றினால் பயனில்லை. ரிசால்வர் மேலிருந்து இறங்கி வரும்போது க்ளூவில் உள்ள பழைய ஐபிக்கே போய் முட்டும். ரெஜிஸ்ட்ரார் (டொமைனை உங்களுக்கு விற்ற நிறுவனம்) பேனலில் ‘ஹோஸ்ட் ரெக்கார்டு’, ‘சைல்டு நேம்சர்வர்’, ‘பிரைவேட் நேம்சர்வர்’ என்று ஏதாவது ஒரு பெயரில் இதற்கு ஒரு பக்கம் இருக்கும். மாற்ற வேண்டியது அங்கே. ஐபி மாறிய வழக்குகளில் அதிகம் விடுபடுவது இந்த ஒன்றுதான்.

.காம் ஜோனில் நேம்சர்வர் ரெக்கார்டுக்கும் க்ளூவுக்கும் டிடிஎல் 172800 நொடி, அதாவது 48 மணி நேரம். ‘24 முதல் 48 மணி நேரம் ஆகும்’ என்று எல்லா ஹோஸ்டிங் நிறுவனமும் சொல்லும் வாசகம் இந்தக் கணக்கோடு ஒட்டியது. ‘ஏ’ ரெக்கார்டு மாற்றத்துக்கு அது பொருந்தாது. நேம்சர்வரை மாற்றினால்தான் பொருந்தும். பதற்றத்தில் நேம்சர்வரைத் தொடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான். ஐந்து நிமிட டிடிஎல்லில் தீரக்கூடிய வேலையை நீங்களே 48 மணி நேரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவீர்கள்.

ஹூஇஸ் (டொமைன் பதிவு விவரம்) தகவலில் டொமைன் ‘கிளையண்ட்ஹோல்டு’ (ரெஜிஸ்ட்ரார் நிறுத்திவைத்த) நிலையில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். இருந்தால் நேம்சர்வர் விவரம் ரெஜிஸ்ட்ரியின் ஜோனிலிருந்தே நீக்கப்பட்டிருக்கும், சர்வரில் என்ன செய்தும் பயனில்லை.

படி 6: டிஎன்எஸ்செக் இருந்தால் மட்டும்

ரிசால்வரிடம் சாதாரணமாகக் கேட்டால் சர்வ்ஃபெயில், ‘+சிடி’ (கையொப்பத்தைச் சரிபார்க்காதே) சேர்த்துக் கேட்டால் பதில் வருகிறது என்றால், கோளாறு கையொப்பச் சரிபார்ப்பில். இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். சர்வர் நீண்ட நாள் துண்டிக்கப்பட்டிருந்து புதுக் கையொப்பம் போடாமல் பழையது காலாவதியாகியிருக்கும். அல்லது கடிகாரம் தவறி, இன்னும் வராத தேதியில் கையொப்பமிட்டிருக்கும். நேரத்தைச் சரிசெய்து ஜோனை மறுபடி கையொப்பமிட வையுங்கள்.

மூன்றாவது இதைவிடக் கொடியது: அவசரத்தில் டிஎன்எஸ்ஸை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு ரெஜிஸ்ட்ராரில் பழைய சாவியின் அடையாளமான டிஎஸ் ரெக்கார்டை அப்படியே விட்டிருப்பது. புது நேம்சர்வரின் சாவியும் மேலே உள்ள டிஎஸ்ஸும் பொருந்தாது. சரிபார்க்கும் ரிசால்வர் அத்தனையும் உங்கள் டொமைனை நிராகரிக்கும். மாற்றுவதாக இருந்தால் முதலில் டிஎஸ்ஸை நீக்கி, அதன் டிடிஎல் தீரும்வரை காத்திருந்து, பிறகே நேம்சர்வரை மாற்ற வேண்டும். .காமில் டிஎஸ்ஸின் டிடிஎல் 86400 நொடி, ஒரு முழு நாள்.

படி 7: ரெக்கார்டை ஒரே ஒரு முறை மாற்றுங்கள்

ஐபி மாறியிருந்தால் ‘ஏ’ ரெக்கார்டில் புதிய ஐபியை எழுதி, டிடிஎல்லை 300 ஆக்குங்கள். டிடிஎல்லைக் குறைப்பது ஏற்கெனவே கேச்சில் உள்ள நகலைப் பாதிக்காது. அது பழைய டிடிஎல்படியே சாகும். கணக்கு எளிது: பழைய டிடிஎல் 14400, காலை 11:40-க்கு மாற்றினீர்கள் என்றால், விதிப்படி நடக்கும் கடைசி ரிசால்வரும் மாலை 3:40-க்குள் புதிய ஐபிக்கு வந்துவிடும். இந்த நேரத்தைக் குறித்துவைத்து வாடிக்கையாளருக்கும் சொல்லிவிடுங்கள். ‘48 மணி நேரம் ஆகலாம்’ என்று சொல்வதைவிட இது நம்பிக்கை தரும்.

ரெக்கார்டை அழித்துவிட்டுத் திரும்பச் சேர்க்காதீர்கள், இருப்பதையே திருத்துங்கள். அழித்த அந்த ஒரு நிமிடத்தில் யாராவது கேட்டால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற பதிலும் கேச்சில் ஏறிவிடும். அது எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை எஸ்ஓஏ ரெக்கார்டின் டிடிஎல், அதன் கடைசி எண் இரண்டில் சிறியது தீர்மானிக்கிறது. 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308 வகுத்த விதி இது. அங்கே 86400 எழுதியிருந்தால், ரிசால்வர் தன் உச்சவரம்பு வரை அதை வைத்திருக்கும். பைண்டில் அந்த உச்சவரம்பு இயல்பாக மூன்று மணி நேரம், அன்பவுண்டில் ஒரு மணி நேரம். 300 முதல் 900 வரை எழுதுவது நல்லது.

மெயிலுக்கு இது உயிர்நாடி. டொமைனுக்கு சர்வ்ஃபெயில் வந்தால் அனுப்பும் மெயில் சர்வர் அதைத் தற்காலிகக் கோளாறாக எடுத்துக்கொண்டு வரிசையில் வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளில் இயல்பான வரிசைக் காலம் ஐந்து நாள். ஆனால் ‘என்எக்ஸ்டொமைன்’ (அப்படி ஒரு பெயரே இல்லை) வந்தால் அந்த நொடியே கடிதத்தை அனுப்பியவருக்குத் திருப்பிவிடும். பதில் சொல்லாத நேம்சர்வரைவிட ‘இல்லை’ என்று சொல்லும் நேம்சர்வர் ஆபத்தானது. அரைகுறை ஜோனோடு நேம்சர்வரை எழுப்பாதீர்கள்.

ஐபி மாறினால் எஸ்பிஎஃப் ரெக்கார்டில் (உங்கள் பெயரில் மெயில் அனுப்பக்கூடிய சர்வர்களின் பட்டியல்) பழைய ஐபி இருக்கும், அதையும் திருத்துங்கள். ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டுவது) உங்கள் ஜோனில் இருப்பதில்லை. ஐபியைக் கொடுத்தவரின் பேனலில் அமைக்க வேண்டும், அல்லது அவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

படி 8: கழுவ முடிந்த கேச்சைக் கழுவுங்கள்

கூகுள் பப்ளிக் டிஎன்எஸ்ஸுக்கும் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1-க்கும் கேச்சை நீக்கக் கோரும் பொதுப் பக்கங்கள் இருக்கின்றன. டொமைன் பெயரைக் கொடுத்து ‘ஏ’, ‘குவாட் ஏ’, ‘என்எஸ்’, ‘எம்எக்ஸ்’ என்று ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே செய்யுங்கள். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்த்த பெயருக்கும் தனியே. இணையச் சேவை நிறுவனங்களின் ரிசால்வர்களை நீங்கள் தொட முடியாது, அங்கே கணக்குப்படி காத்திருப்பதுதான் வழி.

உங்கள் கணினியில்: விண்டோஸ் என்றால் ‘ஐபிகான்ஃபிக்’ கமாண்டின் ‘ஃபிளஷ்டிஎன்எஸ்’, லினக்ஸில் ‘ரிசால்வ்சிடிஎல் ஃபிளஷ்-கேச்சஸ்’, போனில் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுப்பது. வீட்டு ரூட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஹோஸ்ட்ஸ் ஃபைலைக் கட்டாயம் திறந்து பாருங்கள். என்றைக்கோ சோதனைக்காக எழுதிய ஒரு வரி உங்களுக்கு மட்டும் சைட்டைக் காட்டிக்கொண்டோ மறைத்துக்கொண்டோ இருக்கும்.

புது ஐபியில் சைட் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க டிஎன்எஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ‘கர்ல்’ கமாண்டில் ‘ரிசால்வ்’ ஆப்ஷனோடு டொமைன், போர்ட் 443, புது ஐபி மூன்றையும் கொடுத்தால் அந்த ஒரு கோரிக்கை மட்டும் நேரே அங்கே போகும். சான்றிதழும் அப்போதே தெரிந்துவிடும். சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் எல்லா நேம்சர்வரும் ஒரே பதில் சொல்லும்வரை பொறுங்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் ஒரே இடத்திலிருந்து சரிபார்ப்பதில்லை, பல இடங்களிலிருந்து பார்க்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு பெயருக்கு ஐந்து முறை தோற்றால் கொஞ்ச நேரம் கதவை மூடிவிடும்.

பழைய சர்வரை எப்போது அணைப்பது, அடுத்த முறைக்கு என்ன மாற்றுவது

பழைய ஐபி இன்னும் உங்கள் கையில் இருந்தால், அங்கிருந்து புது சர்வருக்கு ரிவர்ஸ் பிராக்ஸி (வரும் கோரிக்கைகளை அப்படியே கடத்தும் ஏற்பாடு) போட்டுவிடுங்கள். பழைய நகலோடு வருகிறவர்களும் சைட்டைப் பார்ப்பார்கள், காத்திருக்கும் நேரமே யாருக்கும் தெரியாது. டிடிஎல்லை மதிக்காத சில மென்பொருள்கள் கணக்கு முடிந்த பிறகும் பழைய ஐபிக்கு வந்துகொண்டிருக்கும்.

இரண்டு நேம்சர்வரை ஒரே கட்டடத்தில், ஒரே ரூட்டருக்குப் பின்னால் வைப்பதை 1997-லேயே ஆர்எஃப்சி 2182 எச்சரித்தது. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் நான்கு டிஎன்எஸ் சர்வர்களும் ஒரே நெட்வொர்க்கில் இருந்ததால், ஒரு ரூட்டரின் கான்ஃபிக் தவறியதில் அவர்கள் தளங்கள் மொத்தமும் பெயரிழந்து நின்றன. செகண்டரி டிஎன்எஸ்ஸை வேறு நிறுவனத்தில், வேறு நெட்வொர்க்கில் வையுங்கள். மாதம் சில நூறு ரூபாய் ஆனாலும் தயங்காதீர்கள். எஸ்ஓஏவில் எக்ஸ்பயர் இரண்டு முதல் நான்கு வாரம், ‘ஏ’ ரெக்கார்டுக்கு டிடிஎல் 300 முதல் 3600, ‘என்எஸ்’ ரெக்கார்டுக்கு 86400. ஜோன் ஃபைலின் நகல் ஒன்றை அந்த சர்வருக்கு வெளியே வைத்திருங்கள்.

எல்லாம் அடங்கி இரண்டு நாள் அமைதியாகப் போன பிறகு, 300 ஆக்கிய டிடிஎல்லை 3600-க்கு உயர்த்துங்கள். பழைய மெஷினின் ஆக்சஸ் லாகைத் திறந்து வையுங்கள். ஒரு முழு நாள் அதில் தேடல் பாட்களைத் தவிர வேறு யாரும் வரவில்லை என்றால், அன்று அதை அணைக்கலாம்.